புழக்கடைப் பர்ணசாலை

மனிதனாகப் பிறந்தவனுக்கு நான்கு சுவர் வேண்டும். கல்யாணமும் ஆனவன் என்றால், அந்த நான்கு சுவரும் வீட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது வருஷமும் ஒரு கடலும் தேவைப்பட்டன.

பினாங்கில் ஒரு ரப்பர் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். ரப்பர் விலை விழுந்தது. ரப்பர்தானே, விழுந்தால் எகிறும் என்று கம்பெனியார் கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தார்கள். எகிறவில்லை. ஆகவே தமிழும் இங்கிலீஷும் படித்த தலை ஒன்று, டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள், பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி ஒன்று, இவற்றோடு நாற்பத்தெட்டாவது வயதில் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊரின் பெயர் வேண்டாம். முனிசிபாலிடிக்காரர்கள் படித்தாலும் படிப்பார்கள். ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரை, தோல் ஷாப்புகளால் பிழைக்கும் ஊர் என்றால் போதும். காற்று மேற்கேயிருந்து அடித்தால் சுண்ணாம்புக் குழி வாசனை, கிழக்கேயிருந்து அடித்தால் ஆவாரம்பட்டை வாசனை, அடிக்காவிட்டால் இரண்டும்.

என் மனைவி சம்பூர்ணம் இந்த இருபது வருஷமும் வீட்டைத் தனி ஆளாக நடத்தியவள். ஓடு மாற்றினாள், கிணறு தூர் வாரினாள், ஒரே மகளைக் குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்தாள். நான் இல்லாமல் அவள் அந்த வீட்டை அவ்வளவு கச்சிதமாக நடத்தியிருந்தாள். திரும்பி வந்தவனை வைக்க அதில் ஓர் இடம் மீதமில்லை.

கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் எந்திரிங்க. பெருக்கணும்."

ரேழிக்கு மாறினேன்.

"இன்னாங்க இது, நடக்கற வழியில குறுக்கால? தயிர்க்காரி உங்க காலைத் தாண்டிக்கிட்டு வர்றா."

சமையலறைப் பக்கம் மாறினேன். அங்கே ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், மிளகாய் மூட்டைக்கு எதிரே, நாற்காலிக்கு ஓர் இடம் கிடைத்தது.

"இங்கேயும் வந்துட்டீங்களா?"

"நான் சிந்தித்துக்கொண்டிருக்கிறேன், சம்பூர்ணம்."

"அதை அந்தாண்ட போய் சிந்திங்க. இங்க ஏற்கெனவே உளுந்து சிந்திக் கெடக்குது."

உலகத்தின் பெரிய ஞானிகள் எல்லோரும் ஏன் காட்டுக்குப் போனார்கள் என்பது அன்று எனக்குப் புரிந்தது. வீட்டில் பெருக்குவதற்காகத்தான் அவர்களையும் எழுப்பியிருக்கிறார்கள். எனக்குக் காடு கிடையாது. புழக்கடை இருந்தது. கிணறு, துவைக்கிற கல், கோடியில் கக்கூஸ், இவை போக மேற்குச் சுவர் ஓரமாக ஒரு முருங்கைமரமும் வெற்றிடமும். அங்கே ஒரே ஓர் அறை. வாசலில் சின்னதாக ஒரு தாழ்வாரம். உள்ளே நாற்காலி, புத்தகம், நான். மனதுக்குள் அதற்குப் பர்ணசாலை என்று பெயரும் வைத்துவிட்டேன்.

எனக்காக என்று கேட்டால் நடக்காது. "இம்மாம் பெரிய வீட்ல உங்களுக்கு இடமில்லையா?" என்பாள். இடமில்லாமல் செய்தவளே அதைக் கேட்பாள். அதனால் இருபது வருஷம் வெள்ளைக்கார மானேஜரிடம் கற்ற ராஜதந்திரத்தை வெளியே எடுத்தேன்.

"சம்பூர்ணம், உனக்கு ஓர் அறை கட்டலாம் என்றிருக்கிறேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எனக்கா?"

"உனக்குத்தான். புழக்கடையில். எத்தனை காலம் தனியாக உழைத்தாய். உட்கார்ந்து தைக்க, கொள்ள, பக்கத்து வீட்டு அம்மாள் வந்தால் காற்றாடப் பேச..."

மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி என்னைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நெசமாவா? எனக்கே எனக்கா?"

"உனக்கே உனக்கு."

"அப்ப சரி. கட்டுங்க," என்று கீரைக்குத் திரும்பினாள். இவ்வளவு சுலபமாக ஒரு பெண்பிள்ளையை ஏமாற்ற முடியும் என்று தெரிந்திருந்தால் பத்து வருஷம் முன்னாலேயே திரும்பி வந்திருப்பேன்.

அன்று மத்தியானமே அவளுடைய தையல் டேப்பை எடுத்துச் சாய்வு நாற்காலியை அளந்தேன். காலை நீட்டினால் எவ்வளவு, நீட்டாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் எடுத்துக்கொண்டு அறைக்கு நீள அகலம் போட்டேன். சம்பூர்ணம் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போனாள். பார்த்தாள். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு போனாள்.

இனி முனிசிபாலிடி.

எங்கள் ஊரில் சுண்ணாம்புக் குழித் தண்ணீர் தெருவோடு ஓடும். அதற்கு யாரும் பிளான் கேட்டதில்லை. ஆட்டுத் தோலை நடுவீதியில் உலர்த்துவார்கள். கல்யாண ஊர்வலமே அதைச் சுற்றிக்கொண்டு போகும். அதற்கும் அனுமதி கிடையாது. ஆனால் ஒரு கௌரவமான மனிதன் தன் சொந்தப் புழக்கடையில் ஓர் அறை கட்டப் புறப்பட்டால், ராஜாங்கமே படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடும். பிளான் மூன்று பிரதி வேண்டும். நான் சிவப்பு மையிலும் நீல மையிலும் வரைந்து, இங்கிலீஷில் தலைப்புப் போட்டுக் கொண்டுபோனேன். அங்கே ஓவர்சியர் ராமமூர்த்தி இருந்தார். குடை, டேப்பு, சந்தேகம் மூன்றும் இல்லாமல் அவர் நாற்காலியைவிட்டு எழமாட்டார்.

"வடக்கு எங்க சார்?"

"வடக்கு வடக்கேதான் இருக்கிறது."

"பிளான்ல இல்லையே."

அம்புக்குறி போட்டுக்கொண்டு மறுபடி போனேன். அம்பு சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாகப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டை ஏன் காட்டவில்லை என்றார். காட்டினேன். பக்கத்து வீட்டை ஏன் காட்டினீர்கள், அவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்றார். பிறகு எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்.

"பரிசீலனையில இருக்குது சார்."

"யார் பரிசீலிக்கிறார்கள்?"

"அதுவும் பரிசீலனையில இருக்குது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி எரிந்து விழுந்தேன். அவர் மூக்கால் பேசுவதை அப்படியே நடித்தும் காட்டினேன். சம்பூர்ணத்துக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாப்பாடு ஆயிற்றா என்று நான் கேட்டால், "பரிசீலனையில இருக்குது" என்று மூக்கால் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் ராமமூர்த்தி இடத்தைப் பார்க்க நேரில் வந்தார். குடையை மடக்காமலே புழக்கடையில் நின்று மேற்குச் சுவரைப் பார்த்தார். அது எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச்சுவர். ஆள் உயரத்துக்குமேல் இருக்கும்.

"இந்தச் சுவரை ஒட்டித்தான் அறை. அதுல மேற்கே ஜன்னல் போட்டிருக்கீங்க."

"காற்றுக்கு."

"அந்தாண்ட யாரு வீடு?"

"அப்துல் ஹமீத் சாயபு வீடு. தோல் வியாபாரி."

"கோஷா வீடாச்சே சார், பொம்பளைங்க வெளி ஆம்பளை கண்ணுலயே படமாட்டாங்க. அவங்க முற்றம் தெரியற மாதிரி ஜன்னல் வெச்சா நாளைக்கு ஊரே திரண்டு வரும். வீட்டுக்காரங்க ஆட்சேபமில்லைன்னு சொன்னாத்தான் மனு நகரும்."

அப்துல் ஹமீத் தோல் ஏற்றிக்கொண்டு கல்கத்தா போயிருந்தார். வர மாசக்கணக்காகும். வீட்டில் அவர் மனைவி சுகரா பேகம். அந்த அம்மாள் எவ்வளவு கோஷா என்றால், எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான், இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வருவதற்குத் திரை கட்டிய ஜட்கா பிடிப்பார்கள். அவர்கள் வாசலில் ஏறி, எங்கள் வாசலில் இறங்குவார்கள். குதிரைக்கு நடையைத் தொடங்குவதா நிறுத்துவதா என்றே தெரியாது. இந்த வைபவம் வருஷத்துக்கு ஒரு தரம் நடந்தால் ஜாஸ்தி. மற்ற நாளெல்லாம் பேச்சு சுவர் வழியாகத்தான். இங்கே சம்பூர்ணம் கவிழ்த்துப் போட்ட உரலின்மேல் ஏறி நிற்பாள். அங்கே பேகம் பெட்டியோ பெஞ்சோ எதன் மேலோ நிற்பார்கள்.

நான் அந்த அம்மாளிடம் நேரில் பேச முடியாது. பேசக்கூடியவள் ஊரில் ஒருத்திதான்.

"சம்பூர்ணம், உரல்மேல் ஏறு," என்றேன்.

நான் சமையலறைக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டேன். அவள் ஏறி, "ஆபா" என்று, அதாவது அக்கா என்று, கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. இந்துஸ்தானி. சுவர்மேலேயே கற்றிருக்கிறாள். நான் இரண்டு பாஷைகளில் பரீட்சை தேறியவன். காரியத்துக்கு வேண்டியிருந்தது மூன்றாவது. அவள் காவடிச்சிந்து போலப் பேசினாள். அந்தப் பக்கமிருந்தும் பேச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கி வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள்கூடக் கலைந்து ஓடின.

இறங்கி வந்தாள்.

"என்ன சொன்னார்கள்?"

"யோசிக்கணுமாம்."

"இவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா?"

"அவுங்க பாஷையில எல்லாம் நீளமா வரும்."

"சிரிப்பு எதற்கு?"

"ஆபாவுக்கு இருமல்."

மறுநாள் மறுபடி உரல். மறுபடி இருமல். இம்முறை பதில் வந்தது. மேற்கே ஜன்னல் கூடாது. சரி என்றேன். ஜன்னலைத் தெற்கே தள்ளினேன். தெற்கே கக்கூஸ். இருந்தாலும் ஞானத்துக்கு ஜன்னல் முக்கியமில்லை.

"இன்னும் ஒண்ணு," என்றாள் சம்பூர்ணம். "அங்கே ஆம்பளைங்க யாரும் புழங்கக் கூடாதாம். பொம்பளைங்க மட்டும்னா ஆட்சேபமே இல்லையாம்."

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. நானே சொன்ன பொய்யைத்தான் அந்த அம்மாள் திருப்பிக் கேட்கிறார்கள். ஒரு வார்த்தை. அறை எழும்பும்வரை அந்த வார்த்தை நிற்கட்டும். எழும்பியபின் நாற்காலி நிற்கும். பினாங்கில் இதைவிடப் பெரிய சத்தியங்களை மானேஜருக்கு முன்னால் செய்து, மாலைக்குள் மறந்திருக்கிறேன்.

"அதற்கென்ன, உனக்குத்தானே கட்டுகிறேன். சொல்லிவிடு."

"நான் சொன்னா போதாதாம். உங்க வாயால கேக்கணுமாம். ஆம்பளை வாக்கு வேணுமாம்."

ராமமூர்த்தியை வரவழைத்தோம். கொத்து மேஸ்திரி சர்தார் பாஷாவும் வந்து நின்றார். வேலை அவருக்குத்தான் பேசியிருந்தது. மூன்று ஆண்களும் ஒரு காலிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவருக்கு அப்பாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. நான் தொண்டையைக் கனைத்து, ஜில்லா கலெக்டர் வந்திருப்பதுபோல் நினைத்துக்கொண்டு, உரத்த குரலில் சொன்னேன்:

"இந்த அறை பெண்மக்களுக்கு மட்டுமே உரியது. ஆண் எவனும், நான் உள்பட, இதன் வாசற்படி மிதிக்கமாட்டான்."

'நான் உள்பட' என்பது யாரும் கேட்காதது. பேச்சு சூடு பிடித்துவிட்டால் எனக்கு அப்படி வரும்.

சுவர் இருமியது.

"ஆட்சேபம் இல்லையாம்," என்றாள் சம்பூர்ணம்.

"கேட்டுக்கிட்டேன்," என்றார் ஓவர்சியர்.

"நம்பளும் கேட்டுக்கிணோம் சார்," என்றார் சர்தார் பாஷா.

அப்படியும் மனு பரிசீலனையிலேயே கிடந்தது. சம்பூர்ணம் ஆற்காட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லி மக்கன் பேடா வாங்கி ராமமூர்த்தியின் வீட்டுக்கு அனுப்பினாள்.

"இது லஞ்சம்," என்றேன்.

"இல்லே. அவர் சம்சாரத்துக்கு. முழுகாம இருக்கறா."

மூன்று பிரதிகளும் இரண்டு மைகளும் ஒரு வடக்கும் செய்ய முடியாததை அந்தப் பேடா செய்தது. அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. இந்தத் தேசத்துக்கு சுயராஜ்யம் கொடுத்தாலும் அதை யாராவது சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வேலை தொடங்கியது. முருங்கைமரத்தை வெட்டினோம். நான் தினமும் வெயிலில் நின்று மேற்பார்வை பார்த்தேன். அதாவது சர்தார் பாஷா வேலை செய்கிற இடத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். சுவர் இடுப்பளவு வந்தபோது சம்பூர்ணம் மோர் கொண்டுவந்தவள், மேற்குச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஜன்னல்தான் இல்லே. இந்தச் செவுத்துல புஸ்தகம் வைக்க ஒரு மாடம் விட்டா இன்னாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் தைக்கிற அறையில் புத்தகம் எதற்கு? அவள் முகத்தைப் பார்த்தேன். மோர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. என் எண்ணத்தைப் புரிந்துகொண்டு, வாய்விட்டுச் சொல்லாமல், எனக்கு இடம் விட்டுக்கொடுக்கிறாள். தமிழ்ப் பெண்ணின் பெருந்தன்மையைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்யுள்களை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மாடம் எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டார் சர்தார் பாஷா.

"ஆள் ஒசரம்," என்றாள் அவள்.

"ஆள் ஒசரத்துக்கு புஸ்தகமா?"

"அறிவு வளரக்கூடியது, மேஸ்திரி," என்றேன் நான். "குனிந்து எடுக்கும்படி இருக்கக் கூடாது."

"அப்ப அந்த எடத்துல பழைய செவுத்தையும் கொடஞ்சி எடுக்கணும். பின்னால ஒத்தைக்கல் மட்டும் நிக்கும்."

"போதும் போதும். புஸ்தகம் இன்னா, மோதித் தள்ளவா போவுது?" என்றாள் அவள்.

செங்கல் கம்மியாகச் செலவாகும் என்று நானும் தலையாட்டினேன். சர்தார் பாஷா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு, தாடிக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அறை எழும்பியது. வெள்ளையடித்து, சிவப்புத் தரை இழைத்து, ஓடு வேய்ந்து பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. ஆள் உயர மாடத்தில் டிரங்குப் பெட்டி முழுவதும் அடங்கும். நாற்காலி தெற்கு நோக்கி; வேண்டாம், வடக்கு நோக்கி. பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று. பால் பொங்கும், எல்லோரும் போவார்கள், மாலையில் நான் குடிபுகுவேன்.

"ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா வாங்கியாங்க," என்றாள் சம்பூர்ணம் அதற்கு முதல்நாள் காலை. "நல்ல நாளும் அதுவுமா ஓவர்சியர் வர்றாரு. ஆபா வர்றாங்க."

"ஆள் அனுப்பலாமே."

"ஆள் வாங்கினா ஆறினதை வாங்குவான். உங்களைப் போல பார்த்து வாங்க யாருக்குத் தெரியும்?"

போனேன். இரவு ஆற்காட்டில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் புதிதாகப் போட்ட பேடாவைச் சட்டியோடு வாங்கி, ரயிலேறி, வழியில் ருசி பார்ப்பதற்காகச் சிலவற்றைச் சாப்பிட்டு, ருசியை உறுதி செய்வதற்காக இன்னும் சிலவற்றைச் சாப்பிட்டு, வீடு வந்து சேர்ந்தேன். கூடத்தில் ராமமூர்த்தி இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டியை என் கையிலிருந்து சம்பூர்ணம் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வாசலில் நின்றேன். பேகத்தின் ஜட்கா வரும்போது மரியாதைக்கு உள்ளே ஒதுங்க வேண்டுமே. ஜட்கா வரவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு நாய்தான் படுத்திருந்தது. ஆனால் புழக்கடையிலிருந்து இருமல் கேட்டது. ஓர் இருமல் இல்லை. ஒரு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் இருமுவது போலக் கேட்டது.

சமையலறையைத் தாண்டிக் கதவுக்கு வந்தேன். சம்பூர்ணம் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கேயே நில்லுங்க. ஆபா வந்திருக்காங்க. அவுங்க நாத்தனாருங்க, மருமவ ஃபரீதா எல்லாம் வந்திருக்காங்க."

"ஜட்காவே வரவில்லையே."

"ஜட்கா எதுக்கு? மாடம் வழியா வந்தாங்க."

எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒத்தைக்கல். ஆள் உயரம். நான் ஆற்காட்டில் பேடாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சர்தார் பாஷா சம்மட்டியால் என் நூலகத்தைத் தட்டி வாசலாக்கிவிட்டார். நிலையும் கதவும் பேகத்தின் சீதனமாம். முன்பே செய்து அந்தப் பக்கம் சாத்தி வைத்திருந்தார்களாம்.

"சம்பூர்ணம், அது என் அறை."

"உங்களுதா? எனக்கே எனக்குன்னு சொன்னது யாரு?"

"ஒரு பேச்சுக்கு..."

"ஊரறிய செவுத்தைப் பார்த்து சொன்னதும் பேச்சுக்குத்தானா? இன்னாங்க, எனக்கு அறை கட்டறவரு சாய்வு நாற்காலிய அளந்தா பிளான் போடுவாரு? அன்னிக்கே ஆபாகிட்ட சொல்லிட்டேன். அதுக்குத்தான் அவுங்களுக்கு இருமல்."

"என்னை ஏமாற்றிவிட்டாய்."

"நான் ஏமாத்தலே. நீங்க எனக்குப் பொய்யா குடுத்தீங்க, நான் நெசமா வாங்கிக்கினேன். இருபது வருஷம் உரல் மேல நின்னு நின்னு என் முட்டி தேஞ்சு போச்சு. நீங்க கடல் தாண்டிப் போய்ட்டீங்க. அவுங்களால ஒரு செவுரு தாண்ட முடியலே. பேடா ஆறுது, வர்றேன்."

எனக்கும் ஒரு கணம் என்னமோ போலத்தான் இருந்தது. ஆனால் நான் படித்தவன். அதெல்லாம் ஒரு கணத்துக்குமேல் நீடிக்காது. நேரே கூடத்துக்குப் போனேன். என் கையில் ஓர் ஆயுதம் இருந்தது.

"ஓவர்சியர் சார், பொதுச்சுவரில் அனுமதி இல்லாமல் வாசல் திறந்திருக்கிறார்கள். பிளானில் அங்கே வாசலே இல்லை. நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்."

ராமமூர்த்தி பாயசத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஆட்சேபம் பக்கத்து வீட்டுக்காரங்கதான் சொல்லணும் சார். அவங்கதான் வந்து உட்கார்ந்திருக்காங்க."

"நான் சொல்கிறேன் ஆட்சேபம்."

"நீங்க கட்டினவரு. கட்டினவரே ஆட்சேபிச்சா, பிளானுக்கு மாறா கட்டினது நீங்கன்னு ஆகும். அறை முழுக்க இடிக்கணும். இடிக்கிறதுக்கு ஒரு மனு. மறுபடி கட்டறதுக்குப் புது பிளான், மூணு பிரதி." ஒரு மடக்குக் குடித்தார். "வடக்கு மறக்காம போடுங்க."

சர்தார் பாஷா வாசற்பக்கம் போகும்போது என்னிடம் ஒதுங்கி நின்று, "மனசுல வெச்சிக்காதீங்க சார். அந்தக் கதவு நிலைக்கு அளவு எடுத்ததே கடக்கால் தோண்டறதுக்கு முன்னால," என்று ஆறுதல் சொன்னார்.

சரி, அறை போனால் போகட்டும், வீடாவது மிஞ்சியதே, நாற்காலியைக் கூடத்தின் நடுவிலேயே போட்டுக்கொள்ளலாம், எழுப்ப ஆளில்லை என்று தேற்றிக்கொண்டேன். நாற்காலியைக் காணோம்.

"ஆபாவுக்கு இடுப்பு வலி," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "அளவு சரியா இருக்குதாம். காலை நீட்டினாலும் இடிக்கலையாம்."

நான் இழந்தது ஓர் அறையும் ஒரு நாற்காலியும் என்றுதான் அன்று படுக்கப் போகும்போது நினைத்திருந்தேன். படித்தவனுடைய கணக்கு. மறுநாள் காலையில்தான் முழு விவரமும் தெரிந்தது. அறை பெண்களுடையது. அறையின் வாசல் புழக்கடையில். அப்துல் ஹமீத் வீட்டுப் பெண்கள் விடிந்ததும் மாட வழியாக வந்துவிடுகிறார்கள். அவர்கள் இருக்கும்போது அந்நிய ஆண் அங்கே தலை காட்டக் கூடாது. அந்தப் புழக்கடையில் அந்நிய ஆண் என்று சொல்லத் தக்கவன் உலகத்தில் நான் ஒருவன்தான். கிணறு அங்கே. கக்கூஸ் அங்கே.

இதற்கு ஒரு சட்டமும் வகுத்திருந்தார்கள். சமையலறைக் கதவுக்கு உள்ளேயே நின்று நான் கனைக்க வேண்டும். காரியத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே சேதி போகும். அவர்கள் பேச்சை முடித்து, வெற்றிலையை மடித்து, மாட வழியாக அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்துவார்கள். பிறகு எனக்கு வழி விடப்படும்.

அன்று காலை என் வயிற்றில் ஆற்காட்டு மக்கன் பேடா, ருசி பார்த்தவையும் உறுதி செய்தவையும், ஒன்றோடொன்று கலந்து ஆலோசனை செய்துகொண்டிருந்தன. சொம்பும் கையுமாகக் கதவுக்குள் நின்று கனைத்தேன். உள்ளே யாரோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பலமாகக் கனைத்தேன்.

"யாரு?" என்றது சம்பூர்ணத்தின் குரல்.

"நான்தான்."

"இன்னா வேணும்?"

"உங்களுக்கே தெரியும். கொஞ்சம் அவசரம்."

உள்ளே இந்துஸ்தானியில் ஏதோ கலந்து பேசினார்கள். வளையல்கள் குலுங்கின. என் சாய்வு நாற்காலி நிதானமாக ஒரு முறை கிரீச்சிட்டது. பிறகு மொத்த வீடும் இருமியது. இருமல் அடங்கியதும் என் மனைவியின் குரல் மூக்கால் வந்தது:

"பரிசீலனையில இருக்குது சார்."